தலைப்பு ‘தண்ணீர்’ என்றால் பண்ணைக்கு ஓட வேண்டாம்: ஒளிப்படப் போட்டிக்கு முதன்முதலாகப் படம் அனுப்புவோருக்கு

ஒளிப்படப் போட்டி ஒன்றுக்குத் தலைப்பு அறிவித்தார்கள் என்றால் யாழ்ப்பாணத்தில் முதலில் நடப்பது, கமரா உள்ளவர்களும் நல்ல போன் உள்ளவர்களும் பொழுதுபடுவதை எடுக்கப் பின்னேரம் ஐந்தரைக்குப் பண்ணைக் கடலோரம், பாலத்தடியில் வரிசையாக நிற்பதுதான். தலைப்பு ‘தண்ணீர்’ என்றால் பண்ணை. ‘வெளிச்சம்’ என்றாலும் பண்ணை. ‘தனிமை’ என்றாலும் அதே பண்ணைதான், வள்ளம் மட்டும் ஒன்றாகக் குறைந்திருக்கும்.

பொழுதுபடுகிற படம் கூடாது என்று சொல்ல வரவில்லை, பண்ணைக் கடல் வடிவுதான். ஆனால் நடுவர் முன்னால் அதே படம் அடுக்கடுக்காக வந்து கிடக்கும்போது உங்களுடையது எவ்வளவு திறமாக இருந்தாலும் அந்த அடுக்கில் இன்னொன்று, அவ்வளவுதான். தலைப்புப் போட்டிகளில் பெயர் வருகிறவர்கள் எல்லோரும் விலை கூடின கமரா வைத்திருப்பவர்கள் இல்லை. கமராவை வெளியே எடுக்க முதலே எதை எடுக்கப் போகிறோம் என்று முடிவெடுத்தவர்கள்தான் கூட. அந்த முடிவுக்கு எப்படி வருவது, வந்த பிறகு என்னென்ன செய்வது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு ‘தண்ணீர்’ என்ற தலைப்பையே கடைசிவரை வைத்துக்கொள்வோம். போன் மட்டும் வைத்திருந்தாலும் இது எல்லாம் பொருந்தும்.

முதல் வேலை: விதிமுறையை வாசிப்பது

எல்லோரும் தாண்டிப் போகிற இடம் இது. உட்கார்ந்து முழுவதையும் வாசியுங்கள், வாசித்துவிட்டுக் கொப்பியில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் எத்தனை படம் அனுப்பலாம், தனிப்படமா தொடர்படமா, எந்தக் காலத்துக்குள் எடுத்த படமாக இருக்க வேண்டும், நீளப் பக்கம் எத்தனை பிக்சல், கோப்பின் அளவு எவ்வளவு, படத்தில் பெயரோ கரையோ போடலாமா, திருத்தம் எதுவரைக்கும் அனுமதி. பெயர் போட வேண்டாம் என்று சொன்ன போட்டிக்கு மூலையில் தன் பெயரை அழகாகப் பதித்து அனுப்பினால், நடுவர் பார்க்க முதலே படம் வெளியே போய்விடும். இதில் வாதாட ஒன்றும் இல்லை.

முடிவுத் திகதியில் நேரத்தையும் பாருங்கள். வெளிநாட்டுப் போட்டிகள் சிலவற்றில் கிரீனிச் நேரத்தில்தான் சொல்லுவார்கள், நாங்கள் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருக்கிறோம். 31 ஆம் திகதி இரவு 11.59 கிரீனிச் என்றால் எங்களுக்கு மறுநாள் விடிய 5.29. எங்களுக்கு இலாபம்தான், என்றாலும் அதை நம்பிக் கடைசி இரவுவரை வைத்திருக்க வேண்டாம். மின்சாரம் போகும், டேட்டா முடியும், போட்டித் தளமும் அந்த இரவில்தான் திணறும்.

உரிமை பற்றிய பந்தியை மட்டும் மெதுவாக வாசியுங்கள். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படம் எடுத்தவருக்கே அதன் பதிப்புரிமை. அவர் வாழும் காலம் முழுக்க, அதன் பிறகும் 70 ஆண்டுகளுக்கு. போட்டி நடத்துகிறவர் தன் கண்காட்சிக்கும் விளம்பரத்துக்கும் உங்கள் பெயருடன் படத்தைப் பாவிப்போம் என்று கேட்பது வழமையானது, அதற்கு ஓம் என்று சொல்லலாம். அனுப்பப்படும் எல்லாப் படங்களின் முழு உரிமையும் எங்களுக்கே என்று எழுதியிருந்தால் அது போட்டியில்லை, செலவில்லாமல் படம் சேர்க்கிற வழி. நினைவுச்சின்னங்களின் படங்களை விக்கிமீடியாவுக்குச் சேர்க்கிற விக்கி லவ்ஸ் மொனுமென்ட்ஸ் மாதிரியான போட்டிகள் வேறு வகை. அங்கே யாரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய திறந்த உரிமத்தில்தான் படத்தைப் பதிவேற்ற வேண்டும், ஆனால் அதை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள், பெயரும் உங்களுடையதாகவே இருக்கும். எது எது என்று தெரிந்துகொண்டு சேருங்கள். கட்டணம் கேட்கிற போட்டியில் முதல் தடவையே சேரத் தேவையில்லை என்பது என் எண்ணம், இலவசப் போட்டிகளே போதிய அளவு இருக்கின்றன.

தலைப்பை வசனமாக்குங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த பெரிய விசயம், மற்றதெல்லாம் இதற்குத் துணைதான்.

‘தண்ணீர்’ என்று ஒரு சொல்லைத் தந்திருக்கிறார்கள். கொப்பியில் நினைவுக்கு வருகிற எல்லாவற்றையும் எழுதுங்கள்: கடல், மழை, கீரிமலைக் கேணி, குளத்தில் தாமரை, இலையில் பனித்துளி, குழாயில் சொட்டும் துளி, தண்ணீர் குடிக்கும் காகம். இனி அதையெல்லாம் வெட்டிவிடுங்கள். உங்களுக்கு முதலில் வந்தது எல்லாருக்கும் முதலில் வந்திருக்கும். பட்டியல் முடிந்து யோசனை நின்றுபோன பிறகு வருகிற நாலைந்தில்தான் உங்கள் படம் இருக்கிறது.

யோசிக்க ஒரு வழி, எங்கள் ஊரில் இந்தச் சொல்லோடு யார் என்ன பாடுபடுகிறார்கள் என்று கேட்பது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை, வழுக்கை ஆறுகூட மழைக்காலத்தில்தான் ஆறு. ஒக்டோபரில் இருந்து டிசம்பர்வரை பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிறது, மிச்சக் காலம் முழுக்க அதைக் கிணற்றால் அள்ளித்தான் சீவியம். தீவுப் பக்கம் போனால் வெயில் காலத்தில் பவுசரில், அதாவது தண்ணீர்த் தாங்கி லொறியில், வருகிற தண்ணீரைப் பார்த்துக் குடம் வைக்கிறார்கள். பண்ணைக் கடல் நடுவருக்கு எந்த நாட்டிலும் கிடைக்கும். இது கிடைக்காது.

இப்போது சொல்லை வசனமாக்குங்கள், ஆளும் செயலும் உள்ள வசனமாக. 

“வெங்காயத் தோட்டத்தில் ஒருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுகிறார், ஒன்று நிறைய அடுத்ததுக்குத் திருப்பி விடுகிறார்.”

“பவுசர் வரும்வரை மதிலோரம் குடங்கள் வரிசையில் நிற்கின்றன, ஆட்கள் நிழலில் இருக்கிறார்கள்.”

“வீட்டுக்காரர் வெளிநாட்டில். வளவில் ஒருவரும் அள்ளாத கிணறு.”

“பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கப்பியில் தொங்கித் தொங்கி வாளி இழுக்கிறாள்.”

இவை படம் பிடிக்கக்கூடிய வசனங்கள். “தண்ணீர் உயிரின் ஆதாரம்” என்பது படம் பிடிக்க முடியாத வசனம், அது பேச்சுப் போட்டிக்கு. உங்கள் வசனத்தை இன்னொருவரிடம் சொன்னால் அவர் மனதில் ஒரு காட்சி வர வேண்டும். வராவிட்டால் வசனம் இன்னும் சொல்லாகவே கிடக்கிறது என்று அர்த்தம், திரும்ப எழுதுங்கள்.

நாலு வசனம் வைத்திருந்தால் எதைத் தெரிவது? சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ளதை. நெடுந்தீவில் அருமையான படம் இருக்கலாம், ஆனால் குறிகட்டுவானுக்குப் பஸ் பிடித்துப் படகு ஏறிப் போன அன்று மேகம் மூடினால் மறுநாளும் போவீர்களா? முதல் தடவை போட்டிக்கு அனுப்புகிறவருக்குத் திரும்பத் திரும்பப் போகக்கூடிய சாதாரண இடம்தான், ஒரு தரம் மட்டும் போகக்கூடிய அற்புதமான இடத்தைவிடப் பெரிது.

பருவத்தையும் பாருங்கள். போட்டி ஜனவரியில் என்றால் கிணறுகள் மேலே வந்து நிற்கும், ஓகஸ்ட் செப்டெம்பரில் என்றால் கீழே போய்விடும். வற்றின காலத்தில் ‘தண்ணீர்’ என்ற தலைப்புக்குத் தண்ணீர் இல்லாததையே காட்டலாம். கிணற்றுச் சுவரில் பழைய மட்டம் நின்ற இடத்தில் படிந்த கறை, அதற்கு எட்டாமல் தொங்குகிற கயிற்றில் புதிதாக முடிந்த முடிச்சு. தலைப்பைத் தலைகீழாக வாசிப்பது சில நேரம் நன்றாக வேலை செய்யும். ஆனால் நடுவர் விளக்கம் வாசித்துத்தான் தலைப்பை விளங்க வேண்டும் என்ற அளவுக்குத் தூரம் போகக் கூடாது.

இடம் பார்ப்பதும் ஆட்களோடு கதைப்பதும்

முதல் நாள் கமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். தோட்டத்துப் பக்கம் போய், எத்தனை மணிக்கு இறைப்பு மெசின் போடுகிறார்கள், வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வருகிறது, பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பின்னணிதான் படங்களைக் கெடுப்பது. முன்னால் எவ்வளவு வடிவான ஆள் நின்றாலும் தலைக்குப் பின்னால் மின்கம்பமும் நீல நிறத் தண்ணீர்த் தாங்கியும் முளைத்து நின்றால் கண் அங்கேதான் போகும். இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் அது வேலிக்குப் பின்னால் மறையுமா, முழங்காலில் இருந்தால் பனை மட்டும் தெரியுமா என்று வெறுங்கையோடு பார்த்து வைப்பது எடுக்கிற நேரத்தில் பெரிய உதவி.

தோட்டக்காரரிடம் போய்ச் சும்மா கதையுங்கள். “ஐயா, போட்டி ஒன்றுக்குப் படம் எடுக்கப் போறன், நீங்கள் தண்ணி மாறேக்க எடுக்கட்டோ?” என்று நேரே கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு ஓம் என்பார்கள், சிலர் சேர்ட்டை மாற்றிக்கொண்டு வரட்டோ என்பார்கள். அதற்கு, “வேண்டாம் ஐயா, இப்பிடியே நல்லாயிருக்கு” என்று சொல்லத் தயாராக இருங்கள். முதல் கொஞ்ச நேரம் கமராவைப் பார்த்து விறைத்துக்கொண்டு நிற்பார், பரவாயில்லை, அந்தப் படங்களையும் எடுங்கள், அவருக்குக் கொடுக்க அவைதான் நல்லவை. பிறகு அவர் தன் வேலையில் மூழ்கினதும் உங்கள் படம் வரும். எடுத்ததில் ஒன்றைச் ஸ்ரூடியோவில் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். செலவு பெரிதில்லை, அடுத்த முறை போகும்போது தேத்தண்ணி நிச்சயம்.

கேட்காமல் எடுக்கக் கூடாத இடங்கள் எங்கள் ஊரில் உண்டு. கீரிமலைக் கேணியில் ஆண்கள் குளிக்கிற பக்கம் கேட்டு எடுக்கலாம், பெண்கள் பக்கத்துக்குக் கமராவே வேண்டாம். வீட்டுக் கிணற்றடியும் அப்படித்தான், அது குளிக்கிற இடம். நல்லூரில் கோயிலுக்கு உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், திருவிழாப் படமெல்லாம் வெளிவீதியில்தான். படைமுகாம் பக்கமாகக் கமராவைத் திருப்பாதீர்கள். ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் ஒழுங்குகள் இருக்கின்றன, அந்த அனுமதிகள் இல்லாமல் எடுத்த வான்படத்தைப் போட்டிக்கு அனுப்புவது நீங்களே உங்களைக் காட்டிக்கொடுப்பது மாதிரி. சின்னப் பிள்ளைகளை எடுப்பதென்றால் தாய் தகப்பனிடம் கேளுங்கள், போட்டி கேட்டால் எழுத்திலும் வாங்கி வையுங்கள்.

வெளிச்சம்

எங்கள் இடத்தில் சூரியன் வருடம் முழுக்க ஏறக்குறைய காலை 5.50 இற்கும் 6.30 இற்கும் இடையில் உதிக்கிறது, பின்னேரம் 5.50 இற்கும் 6.40 இற்கும் இடையில் மறைகிறது. உதித்து ஒரு மணித்தியாலத்துக்குள் எடுக்கிற படத்துக்கும் ஒன்பது மணிக்கு எடுக்கிற படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே பாத்தியில் நின்று எடுத்துப் பார்த்தால் நான் இதற்கு மேல் எழுதத் தேவையில்லை. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் காலை வெளிச்சத்தில்தான் சிவப்பு, ஒன்பதுக்குப் பிறகு அது வெளிறிப்போய்விடும். நல்லவேளை, தோட்ட வேலையும் வெள்ளனவே தொடங்குகிறது.

மத்தியான வெயிலில் எடுக்க வேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் கிணற்றை எடுப்பவருக்கு மட்டும் இல்லை. யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 9.7 பாகை வடக்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வருகிறது, அந்த நாட்களில் பகல் 12 மணி 10 நிமிடம் மட்டில். சித்திரை வருடப்பிறப்பு மத்தியானம் என்று நினைவில் வைத்தால் போதும். அப்போது ஆழமான ஒடுங்கின கிணற்றிலும் வெயில் நேரே அடிவரை இறங்கும். மற்ற நாட்களில் இருட்டாகக் கிடக்கிற தண்ணீர் கொஞ்ச நேரத்துக்குப் பச்சையாகத் தெரியும், சுவரில் முளைத்த செடிகளின் நிழல் கீழே விழும், எட்டிப் பார்க்கிற உங்கள் தலையும் அதில் தெரியும். தலை தெரிவது வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். வேண்டாமென்றால் கையை மட்டும் நீட்டி எடுங்கள், போனைக் கையோடு ஒரு நாடாவால் கட்டிக்கொண்டு. கிணற்றுக் கட்டின்மேல் சாய்ந்து எக்க வேண்டாம். பழைய கிணற்றுக் கட்டை நம்ப முடியாது.

கிணற்றுக்குள் இன்னொரு சிக்கல். தண்ணீரின் மேல் மிதக்கிற இலை ஒரு தூரத்தில் இருக்கிறது, தண்ணீரில் தெரிகிற வானமும் தலையும் கமராவைப் பொறுத்தவரை அதைவிடத் தூரத்தில் இருக்கின்றன. கமரா இரண்டில் ஒன்றைத்தான் கூர்மையாக எடுக்கும். திரையில் எதைத் தொடுகிறீர்கள் என்று தெரிந்து தொடுங்கள், இரண்டு விதமாகவும் எடுத்து வையுங்கள்.

மப்பும் மந்தாரமுமான நாளை வீணாக்காதீர்கள். முகங்களுக்கும் ஈரக் கைகளுக்கும் அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை.

எடுக்கிற நேரம்

முதலில் லென்ஸைத் துடையுங்கள். போனில் எடுக்கிற படங்கள் புகை மூடின மாதிரி இருப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் விரல் எண்ணெய்தான், கடற்கரைப் பக்கம் என்றால் உப்பும் சேரும். திரையில் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுக்கவும் வேண்டாம், அது பெரும்பாலும் படத்தை வெட்டுவதுதான். கிட்டப் போங்கள்.

பெரும்பாலான போன்களில் திரையில் ஆளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மேலும் கீழும் இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். வெளிறிப்போன வெள்ளைச் சாரத்தையும் வானத்தையும் பிறகு எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியாது, இருட்டான இடத்தைக் கொஞ்சம் தூக்கலாம்.

கமரா உள்ளவர்களும், போனில் அளவுகளை நாங்களே மாற்றக்கூடிய புரோ முறை உள்ளவர்களும் ஷட்டர் வேகத்தை, அதாவது படம் பதிகிற நேரத்தை, வைத்துத் தண்ணீரோடு விளையாடலாம். வாளியில் இருந்து தெறிக்கிற துளிகள் உறைந்து நிற்க வேண்டுமென்றால் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒன்று அளவில் வையுங்கள், நல்ல வெளிச்சம் வேண்டும். வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் பட்டுத்துணி மாதிரி வழுவழுப்பாக வர வேண்டுமென்றால் எட்டில் ஒன்று, நாலில் ஒன்று விநாடி. கை ஆடும், அதனால் முக்காலி வேண்டும், முக்காலி இல்லாவிட்டால் வரம்பில் மண்வெட்டியைச் சாய்த்து அதன்மேல் வையுங்கள். என் விருப்பத்தைக் கேட்டால் முதலாவதுதான். வழுவழுப்புத் தண்ணீரை நிறையப் பார்த்தாயிற்று.

இனி தண்ணீர் மாறுகிறதையே எடுப்போம். மெசின் இறைத்த தண்ணீர் வாய்க்காலால் ஓடி வருகிறது. ஒரு பாத்தி நிறைந்ததும் அவர் மண்வெட்டியால் ஒரு வெட்டு மண் எடுத்து அந்த வாயை அடைக்கிறார், அடுத்த பாத்தியின் வாயைத் திறக்கிறார். இதை அவர் நாளெல்லாம் செய்வதால் உங்களுக்கு வாய்ப்பும் நாளெல்லாம் வரும். ஒரு தடவை தவறினால் அடுத்த பாத்தி இருக்கிறது. முதலில் முழுத் தோட்டமும் தெரிய எடுங்கள், அது இடத்தைச் சொல்லும். பிறகு ஆளும் மண்வெட்டியும். பிறகு குந்தியிருந்து, போனைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸ் நிலத்துக்குக் கிட்ட வரும்படி வைத்துக்கொண்டு, காய்ந்த பாத்திக்குள் தண்ணீர் நுழைகிற நுனியைப் பாருங்கள். அது சுத்தமான தண்ணீராக வராது. தன் முன்னால் தூசையும் சருகையும் வெங்காயத் தோலையும் தள்ளிக்கொண்டு, ஓரத்தில் மண்நிற நுரையோடு, வெடிப்புக் கண்ட இடத்தில் ஒரு கணம் நின்று, வெடிப்புக்குள் இறங்கி, நிரம்பின பிறகு திரும்பவும் நகரும். எறும்புகள் முன்னால் ஓடும். அந்த நுனியும் அதற்குப் பின்னால் மங்கலாக அவரின் சேற்றுக் காலும் ஒரே சட்டத்துக்குள் வந்தால், ‘தண்ணீர்’ என்ற தலைப்புக்கு அதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

அவரின் வழியில் நிற்காதீர்கள், பாத்தியை மிதிக்காதீர்கள். “இன்னொருக்கால் வெட்டுங்கோ ஐயா” என்று ஒரு தடவை கேட்கலாம், திரும்பத் திரும்பக் கேட்டால் அது நடிப்பாகிவிடும். செய்திப்படப் பிரிவுப் போட்டிகளில் அப்படி நடிக்கவைத்து எடுப்பதே குற்றம்.

எத்தனை எடுப்பது என்று கேட்பார்கள். ஒரு கணத்துக்கு நாலைந்து போதும், ஆனால் ஒரே இடத்தில் நின்று எடுக்க வேண்டாம். எழும்புங்கள், குந்துங்கள், மற்றப் பக்கம் போங்கள், குறுக்காக ஒன்று, நெடுக்காக ஒன்று.

தெரிவு செய்வது

எடுத்த அன்றே தெரிவு செய்யாதீர்கள். வெயிலில் நின்ற கஷ்டம் மனதில் இருக்கும்வரை, கஷ்டப்பட்டு எடுத்த படமெல்லாம் நல்ல படமாகத்தான் தெரியும். இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள்.

முதலில் மங்கல், ஆட்டம், கண் மூடினது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். மிச்சத்தைச் சின்னதாக, தபால் முத்திரை அளவில் பாருங்கள், ஏனென்றால் முதல் சுற்றில் நடுவர் கண்ணில் ஒரு படம் படுகிறது என்பது சில விநாடிக் கதைதான். அந்த அளவிலும் என்ன நடக்கிறது என்று விளங்குகிற படங்களை மட்டும் அடுத்த சுற்றுக்கு எடுங்கள்.

பிறகு தலைப்பைச் சொல்லாமல் யாரிடமாவது காட்டுங்கள். “நல்லாயிருக்கோ?” என்று கேட்காதீர்கள், வீட்டில் எல்லாரும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். “இதில முதல் என்ன தெரியுது?” என்று கேளுங்கள். அம்மம்மா, “பொடியன் கிணத்தடியில நிக்கிறான்” என்றால் படம் பொடியனைப் பற்றியது. “தண்ணி நல்லா அடியில போட்டுது” என்றால் படம் தலைப்பில் நிற்கிறது. இப்படி ஒரு கேள்வியில் நடுவர் வேலை பாதி முடிந்துவிடும்.

ஐந்து படம் அனுப்பலாம் என்றால் ஐந்தும் அனுப்ப வேண்டும் என்றில்லை. இரண்டு பலமான படமும் மூன்று நிரப்புப் படமும் அனுப்பினால், நிரப்புப் படங்கள் மற்ற இரண்டையும் கீழே இழுக்கும். ஒரே காட்சியின் இரண்டு சாயலையும் அனுப்பாதீர்கள், உங்களுக்கே முடிவெடுக்கத் தெரியவில்லை என்பதைத்தான் அது காட்டும். தொடர்படம் என்றால் வேறு கணக்கு: தூரத்தில் ஒன்று, ஆளோடு ஒன்று, கிட்டத்தில் ஒன்று, முடிவு காட்டுகிற ஒன்று என்று ஒவ்வொன்றும் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும்.

திருத்தம்

ஸ்நாப்சீட் மாதிரி இலவசச் செயலி ஒன்று காணும். சரிந்த அடிவானத்தை நேராக்குங்கள், ஓரத்தில் வந்த தேவையில்லாததை வெட்டுங்கள், வெளிச்சத்தையும் நிறத்தையும் கண் பார்த்த அளவுக்குக் கொண்டு வாருங்கள், நிறுத்துங்கள். செம்மண்ணை மிளகாய்த்தூள் நிறத்துக்கு ஏற்றினால் ஊர்க்காரர் சிரிப்பார்கள். வெட்டும்போது கணக்கும் பாருங்கள். 12 மெகாபிக்சல் போன் படம் 4000 க்கு 3000 பிக்சல். அச்சுக்கு வழமையான 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், அது 13 அங்குலத்துக்கு 10 அங்குலம் வரும். நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 3 மெகாபிக்சல்தான், கண்காட்சிச் சுவருக்குக் காணாது.

எதையும் அழிப்பதில்தான் கவனம் வேண்டும். பின்னால் நின்ற மின்கம்பத்தை விரலால் தேய்த்தால் மறைகிற வசதி இப்போது போன்களிலேயே இருக்கிறது, ஆனால் செய்தி, ஆவணம், இயற்கைப் பிரிவுகளில் அது விதிமீறல். 2010 இல் உலகச் செய்திப்படப் போட்டியான வேர்ல்ட் பிரஸ் போட்டோவில் ஸ்டெபான் ருடிக் என்பவரின் பரிசு பறிபோனது, படத்தின் பின்னணியில் தெரிந்த ஒருவரின் காலில் ஒரு சின்னத் துண்டை அழித்ததற்காக. அதை அழிக்காமல் விட்டிருந்தாலும் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கின படத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2023 இல் சோனி உலக ஒளிப்பட விருதில் ஒரு பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன், அது செயற்கை நுண்ணறிவுப் படம் என்று தானே சொல்லி விருதை மறுத்த பிறகு, போட்டிகள் விதிமுறைகளை இறுக்கத் தொடங்கிவிட்டன. இறுதிச் சுற்றுக்கு வந்தால் மூலக் கோப்பைக் கேட்பது இப்போது சாதாரணம்.

அதனால் மூலக் கோப்பைத் தொடவே தொடாதீர்கள். பிரதியில்தான் வேலை. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பி எடுத்தால் அது சுருங்கிவிடும், எந்தத் திகதியில் எந்தக் கமராவால் எடுத்தது என்ற தகவலும் போய்விடும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது வயர் போட்டு கொம்பியூட்டருக்கு மாற்றுங்கள்.

விளக்கமும் அனுப்புவதும்

படத்துக்குத் தலைப்பு வைக்கும்போது கவிதை எழுதத் தேவையில்லை. “தாகம்”, “வாழ்வின் துளி” என்பவை பண்ணைப் பொழுது மாதிரித்தான். யார், என்ன செய்கிறார், எங்கே, எப்போது என்று எழுதிவிட்டு, படத்தில் தெரியாத ஒரு தகவலை மட்டும் சேருங்கள்: “வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறும் விவசாயி, உரும்பிராய், யாழ்ப்பாணம். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லாத இந்தக் குடாநாட்டில் தோட்டங்கள் கிணற்று நீரை நம்பியிருக்கின்றன.” வெளிநாட்டு நடுவருக்கு இரண்டாவது வசனம்தான் படத்தைத் திறக்கும். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால் சின்ன வசனமாக எழுதி, ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள்.

கோப்பை ஜேபெக்காக (JPEG), திரைகளுக்கு வழமையான எஸ்ஆர்ஜிபி (sRGB) நிற அமைப்பில், கேட்ட அளவில் சேமியுங்கள். கோப்பின் பெயரையும் அவர்கள் சொன்ன மாதிரியே வையுங்கள், சொல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், இடைவெளி இல்லாமல், ஏனென்றால் தமிழ் எழுத்துப் பெயர்களைச் சில தளங்கள் இன்னமும் விழுங்கிவிடுகின்றன. பதிவேற்றின பிறகு அங்கே ஒரு தடவை திறந்து பாருங்கள், சரிந்து விழுந்திருக்கிறதா, சரியான பதிப்புத்தானா என்று. முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முதலே இதெல்லாம் முடிந்திருந்தால் நல்லது.

அனுப்பியதற்கு வருகிற மின்னஞ்சலை வைத்திருங்கள். முடிவு வரும்வரை ஸ்பாம் பெட்டியையும் இடைக்கிடை திறந்து பாருங்கள். மூலக் கோப்பைக் கேட்டு வருகிற கடிதம் அங்கேதான் போய்க் கிடக்கும், அதற்குத் தருகிற அவகாசம் பெரும்பாலும் சில நாட்கள்தான்.